துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயம்

மற்றக் கதைகளின் முடிவு நமக்கு உவப்பாக இல்லாவிடினும், இடையில் வந்த ஒரு பாத்திரத்திற்காகவோ ஒரு வருணனைக்காகவோ அவற்றை மன்னித்து விடுகிறோம். துப்பறியும் கதைக்கு மட்டும் அந்தச் சலுகையை நாம் அளிப்பதில்லை. முந்நூறு பக்கம் விறுவிறுப்பாகச் சென்ற கதை, கடைசிப் பத்துப் பக்கத்தில் தடுமாறினால், முழு நூலையுமே குறை கூறுகிறோம். இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது? முடிவில் நாம் தேடும் நிறைவுதான் யாது? தமிழ்த் துப்பறியும் கதையின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

மும்பைத் தமிழருக்கு இது அயலான பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்திலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டுத் தாராவியில் குடியேறியவர்கள், அலுவலக வேலைக்காக வந்து மாதுங்காவில் தங்கி 1932ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவியவர்கள், பின்னர்ச் செம்பூர்வரை பரவியவர்கள் ஆகிய எல்லாருக்கும் தாய்மொழியோடு தொடர்பு அறாமல் காத்த சாதனங்களுள் வார இதழ்களும் ஒன்று. அவ்விதழ்கள் சென்னையில் அச்சாகி, இரயிலேறி இங்கு வந்தன. ஒரு பிரதி பல வீடுகளுக்குக் கைமாறும். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைக்கும் வழக்கம் தமிழர் வாழ்ந்த இடமெங்கும் இருந்தது. வாரக்கணக்கில் காத்திருந்து படிப்பவர், கடைசி வாரத்தில் ஏமாற்றத்தைப் பொறுப்பாரோ?

குற்றமும் அதன் துலக்கமும் தமிழுக்குப் புதியவை அல்ல. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை ஒரு திருட்டு வழக்காகவே படிக்கலாம். காணாமற்போனது அரசியின் சிலம்பு. பழி விழுந்தது கோவலன் மேல். உண்மைக் கள்வன் பொற்கொல்லன். இதைப் படிப்பவர் முன்னரே அறிவர். அரசன் மட்டும் அறியான். கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றும், பாண்டியன் தன் அரசியின் சிலம்பில் உள்ளது முத்து என்றும் கூற, சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. இதைவிடத் தெளிவான தடயம் வேறு என்ன வேண்டும்? ஆனால், உண்மை வெளிப்பட்டதும் நம் மனம் அமைதியடைவதில்லை. கோவலன் இறந்தது இறந்ததே. ஆகையினால்தான் அரசனின் உயிர் நீக்கமும், மதுரை எரிந்ததும், வஞ்சிக் காண்டத்தில் கண்ணகிக்குக் கோயில் எழுந்ததும் வேண்டியிருந்தன. உண்மை அறிவுக்கு விடை தருகிறது. மனத்துக்கு நீதி வேண்டியிருக்கிறது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை இளங்கோவடிகள் அன்றே உணர்ந்திருந்தார்.

உரைநடையில் இத்துறை தோன்றியது 1894ஆம் ஆண்டில். பண்டித நடேச சாஸ்திரியார் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனை நாயகனாக்கி எழுதிய நூலே தமிழின் முதல் துப்பறியும் கதையாகக் கருதப்படுகிறது. அதனை அடுத்து வந்த காலத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ஜே. ஆர். ரங்கராஜுவும் ஆயிரக்கணக்கான வாசகரைத் தமிழ் நாவலுக்கு ஈர்த்தனர். ரங்கராஜுவின் துப்பறிபவர் கோவிந்தன். வடுவூராரின் துப்பறிபவர் திகம்பர சாமியார். சாமியாரின் கதை 1950ஆம் ஆண்டில் திரைப்படமாகி, எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். இவர்களுடைய கதைகளில் மறைந்த வாரிசு வெளிப்படுவார். போலி உயில் பிடிபடும். தீயவர் தண்டனை அடைவர். பிரிந்த காதலர் மணம் புரிவர். தடயங்கள் முறையாக வைக்கப்பட்டனவா என்று அன்றைய வாசகர் கணக்குப் பார்க்கவில்லை. அறம் வென்றதா என்று மட்டுமே பார்த்தனர். வென்றது, நிறைவுற்றனர்.

இங்கிலாந்தில் வேறொரு கணக்கு எழுந்தது. 1926ஆம் ஆண்டில் அகதா கிறிஸ்டி 'ரோஜர் அக்ராய்ட் கொலை' என்னும் நாவலை வெளியிட்டபோது, அதன் முடிவு நேர்மையானதா, வாசகரை ஏமாற்றியதா என்று பெரும் விவாதம் எழுந்தது. அம்முடிவை இங்கே கூறி, படிக்காதவர்களின் இன்பத்தைக் கெடுக்க நாம் விரும்பவில்லை. 1929ஆம் ஆண்டில் ரொனால்ட் நாக்ஸ் என்னும் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். துப்பறிபவர் கண்டதை வாசகரும் காண வேண்டும். அமானுஷ்ய சக்திகள் கூடா. தற்செயல் கைகொடுக்கக் கூடாது என்பன அவற்றுள் சில. அடுத்த ஆண்டில் எழுத்தாளர் கழகம் ஒன்றும் அமைந்தது. கதை, ஆசிரியருக்கும் வாசகருக்கும் இடையே நடக்கும் ஒரு சதுரங்க ஆட்டமாயிற்று.

தமிழில் அந்தச் சதுரங்கத்தைக் கேலி செய்தவர் தேவன். அவர் ஆனந்த விகடனில் படைத்த சாம்பு, வங்கிக் குமாஸ்தா வேலையிலிருந்து துப்பறிய வந்தவர். எந்தத் தற்செயலை நாக்ஸ் விலக்கினாரோ, அதைக் கொண்டே சாம்பு ஒவ்வொரு வழக்கிலும் வெல்கிறார். ஆயினும் யாரும் முடிவைக் குறை கூறவில்லை. சாம்பு தவறி விழுந்தாலும் குற்றவாளியின் மேல்தான் விழுவார் என்பதை வாசகர் முதலிலேயே ஒப்புக்கொண்டு விட்டனர். கதை தொடக்கத்தில் கொடுத்த வாக்கை முடிவில் காப்பாற்றினால் போதும் என்பதை இது காட்டுகிறது.

கதையை விட்டு, மும்பை நகரத்தின் நீதிமன்றத்தை நோக்குவோம். 1959ஆம் ஆண்டில் கடற்படை அதிகாரி நானாவதி, தம் மனைவியின் நண்பரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், சுட்டவர் யார் என்பதில் மர்மமே இல்லை. எனினும் ஜூரர்கள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் குற்றவாளி அல்லர் என்றனர். உயர்நீதிமன்றம் அதனை மாற்றி ஆயுள் தண்டனை விதித்தது. 1961ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 1964ஆம் ஆண்டில் அவருக்கு மன்னிப்பு அளிக்கப்பட்டது. ஒரே வழக்குக்கு இத்தனை முடிவுகள்! 'யார் செய்தது' என்ற கேள்வி தீர்ந்த பிறகும் 'எது நியாயம்' என்ற கேள்வி நின்றுகொண்டே இருந்தது.

முடிவைப் பற்றிய வாதம் தமிழில் சூடு பிடித்தது சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' என்னும் தொடர்கதையால். வழக்கறிஞர் கணேஷும் அவருடைய உதவியாளர் வசந்தும் ஈடுபடும் அக்கதையில், நிகழ்ந்தவற்றுக்குக் காரணம் விஞ்ஞான விந்தையா, ஆவியா என்ற ஐயம் கடைசிவரை நீங்குவதில்லை. ஆசிரியர் இரண்டு கதவுகளையும் திறந்தே வைத்து விடைபெறுகிறார். இதை ஏமாற்று என்றவரும் உண்டு. துணிவு என்றவரும் உண்டு. கதை முழுவதும் அறிவுக்கும் அச்சத்துக்கும் இடையே நடக்கும் வழக்காகவே அமைந்திருப்பதால், தீர்ப்பை வாசகரிடம் விட்டது முறையே என்பது நம் கருத்து. தடயங்களை மறந்துவிட்டுத் திகைத்து நிற்கும் ஆசிரியர் வேறு; தடயங்களை எல்லாம் நம் கையில் கொடுத்துவிட்டு விலகி நிற்கும் ஆசிரியர் வேறு.

இவ்வரலாறு மீண்டும் மும்பைக்கே வந்து சேருகிறது. இந்நகரில் நெடுங்காலம் வாழ்ந்து எழுதிவரும் அம்பை, 2014ஆம் ஆண்டில் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' என்ற தொகுப்பை வெளியிட்டார். அதில் சுதா குப்தா என்னும் பெண் துப்பறிவாளர் மும்பையில் வழக்குகளை ஏற்று நடத்துகிறார். கோவிந்தனுக்கும் திகம்பர சாமியாருக்கும் பிறகு ஒரு நூற்றாண்டு கடந்து, துப்பறியும் கதை குடும்பத்தின் உள்ளறைக்குள் நுழைகிறது. அங்கே குற்றவாளியைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. துன்புற்றவர் இனி எவ்வாறு வாழ்வார் என்ற கவலையும் நம்மைத் தொடர்கிறது. கண்ணகியின் வழக்கில் எழுந்த கவலையும் இதுவே அன்றோ?

ஆகவே, நிறைவான முடிவுக்கு ஒரே இலக்கணம் கூறுதல் அரிது. எனினும் வாசகர் கேட்கத் தகுந்தவை மூன்று உண்டு. மறைக்காமல் தடயம் தர வேண்டும். தொடக்கத்தில் அளித்த வாக்கைக் காக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரைக் கடைசிப் பக்கத்தில் மறந்துவிடக் கூடாது. இம்மூன்றும் அமைந்த கதையைப் படித்து முடித்தவர் நூலை உடனே மூடி வைக்க மாட்டார். முதல் அத்தியாயத்தைப் புரட்டி, தாம் எங்கே கவனிக்கத் தவறினோம் என்று தேடுவார். ஆசிரியருக்கு வாசகர் அளிக்கக்கூடிய மிக உயர்ந்த பாராட்டு அதுவே.