மடியும் பட்டியும்

ஆங்கிலத்தில் 'ஃபோல்டு' என்னும் ஒரே ஒலிக்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன. துணியை மடிப்பது ஒன்று. ஆட்டை அடைக்கும் பட்டி மற்றொன்று. இரண்டுக்கும் வேர் வேறு. காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஒன்றாயின. தமிழில் மடி வேறு, பட்டி வேறாதலால் நமக்கு இச்சிக்கல் இல்லையென்றே தோன்றும். திருப்பூர் வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு எளிதன்று.

குழந்தை கிடப்பதும் மடி, பசுவிடம் பால் கறப்பதும் மடி, இடுப்பில் காசு முடிவதும் மடி. இரு மடங்கு, நூறு மடங்கு என்னும் கணக்கும் மடங்குதலில் பிறந்ததே. ஆங்கிலமும் எண்ணோடு 'ஃபோல்டு' சேர்த்தே பெருக்கலைச் சொல்கிறது. உறவில்லாத இரு மொழிகள் ஒரே துணியை மடித்து எண்ணியிருக்கின்றன! சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரை அறுவை வீதியில் அடுக்கி வைத்த துணிக்கே மடி என்று பெயர். அறுத்தது அறுவை, துணித்தது துணி, துண்டித்தது துண்டு, மடித்தது மடி. நம் ஆடைப் பெயர்கள் பலவும் கைவேலையின் பெயர்களே.

அந்த மரபு பனியன் கம்பெனிகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. தையற்காரருக்கு அருகில் நின்று, வெட்டிய துண்டுகளை மடித்தும் எடுத்துக்கொடுத்தும் உதவுகிற வேலைக்குக் கைமடி என்று பெயர். கூலி ஒப்பந்தங்களில் கட்டிங், டெய்லர், செக்கிங் என ஆங்கிலப் பெயர்கள் நிரம்பிய பட்டியலில் தமிழாகவே நிற்கும் சொல் அது. கூலி குறைந்த பிரிவுகளுள் ஒன்றும் அதுவே. அதில் பெண்களே மிகுதி. திருக்குறளின் 61ஆம் அதிகாரம் மடியின்மை. அங்கே மடி என்றால் சோம்பல். இங்கே நாள் முழுதும் நின்றுகொண்டே உழைப்பவரின் பெயரில் அதே ஒலி!

இனி, பட்டி. காங்கயம், தாராபுரம் பக்கத்து வறண்ட நிலத்தில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் கிடப்பது கொறங்காடு. அங்கே மேயும் ஆடுமாடுகளை அடைப்பது பட்டி; தைப் பொங்கலை அடுத்துப் பட்டிப் பொங்கல் வைப்பது கொங்கு வழக்கம். கால்நடை அடைந்த இடத்தின் பெயர் மனிதர் குடியிருப்புக்கும் ஆயிற்று. திருப்பூரையொட்டிய பூலுவப்பட்டி, உடுமலைப் பக்கத்துப் பெதப்பம்பட்டி என ஊர்கள் பல.

அடைப்பைக் குறிக்கும் இச்சொல்லே அடங்காததையும் குறிக்கும் என்பதுதான் வியப்பு. காவலின்றித் திரிவது பட்டி மாடு. குறிஞ்சிக்கலியில் கபிலர் காட்டும் குறும்புக்கார இளைஞனும் 'சிறுபட்டி'தான்.

பனியன் கம்பெனிக்குள் மற்றொரு பட்டியும் உண்டு. காலர் வைத்த டி-சர்ட்டில் பொத்தான் வரும் இடத்தில் மடித்துத் தைக்கும் நீளத்துணி அது. வடமொழிப் 'பட்டிகா'வின் வழி வந்தது. ஆட்டுப் பட்டிக்கு உறவில்லை. ஆங்கிலத்துக்கு நேர்ந்ததே நமக்கும் நேர்ந்திருக்கிறது. ஆனால், ஊர்ப் பட்டியிலிருந்து காலையில் பேருந்தேறி வந்து, சட்டைப் பட்டியை மடித்து நீட்டும் கைமடிக்காரப் பெண் இதில் ஒருபோதும் குழம்புவதில்லை.