கொல்லர் பெயர் என்ன?



சில மாதங்களுக்கு முன் வகுப்பில் புறநானூற்றின் 95ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற செய்தியைச் சொல்லும் பாடல் அது. தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மாளிகையில் அழகாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, எந்நேரமும் கொல்லனின் சிறு பட்டறையிலேயே கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழித்தும் பழிப்பதுபோல் புகழ்ந்தும் ஔவை சொன்ன நயத்தை விளக்கி முடித்தேன். கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்தக் கொல்லர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பாடலில் பெயர் இல்லை என்று சொல்லி அடுத்த பாடலுக்குச் சென்றேன். அந்த மாணவரின் தந்தையார் தேர்வாய் கண்டிகைப் பக்கம் சாலையோரத்தில் பட்டறை வைத்திருக்கும் கொல்லர் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று சிரித்ததற்காக இன்றும் நாணுகிறேன். இக்கட்டுரை அவருக்கு நான் தாமதமாகத் தரும் விடை.

ஜப்பானியர் ஒருவரிடம், "உங்களுக்கு விருப்பமான வாட்கொல்லர் யார்?" என்று கேட்டால் மசமுனே என்பார், முரமசா என்பார். பாரசீக வாள்களைச் சேகரிப்பவர் இசுபகானின் அசதுல்லாவைச் சொல்வார். தமிழரிடம் கேட்டால் நாம் ஆளைச் சொல்வதில்லை, ஊரைச் சொல்வோம். திருப்பாச்சி அரிவாள் என்போம். திருப்பாச்சேத்தியில் எந்த உலையில், யார் கையில் அது உருவாயிற்று என்று கேட்பதில்லை. சங்கப் புலவர் வரிசையிலே தங்கால் பொற்கொல்லனார், மதுரைப் பெருங்கொல்லன் போன்றோர் உள்ளனர். அவர்களும் பாடிய பாட்டால் நிலைத்தவர்களேயன்றி, வடித்த பொருளால் அல்லர்.

இத்தனைக்கும் கூரிய அலகு செய்யும் கலையில் இம்மண்ணுக்குள்ள பழைமை வியப்புக்குரியது. எங்கள் தேர்வாய் கண்டிகை இன்று சிப்காட் தொழிற்பூங்காவாலும், 2020ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பெற்ற நீர்த்தேக்கத்தாலும் அறியப்படுகிறது. இதே திருவள்ளூர் மாவட்டத்தில், கொசத்தலையாற்றுப் படுகையில் இருக்கிறது அத்திரம்பாக்கம். நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பாரோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அங்கு நடத்திய அகழாய்வின் முடிவுகள் 2011இல் வெளிவந்தன. அங்குள்ள கைக்கோடரிகளின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று அவை காட்டின. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வேறொரு தொழில்நுட்பம் தொடங்கிவிட்டதைக் காட்டியது. கல்லைத் தட்டுமுன்பே, பெயர்ந்து வரப்போகும் சில்லின் வடிவத்தை முடிவுசெய்துகொண்டு, அதற்கேற்பக் கல்லின் முகத்தைப் பக்குவப்படுத்தும் முறை அது. செய்யப்போகும் பொருளை முன்கூட்டி மனத்தில் காணும் அந்த ஆற்றலைத்தானே நாம் கைத்திறன் என்கிறோம்? அந்தத் தொல்மாந்தரிடம் பெயர் கேட்க இயலாது. எழுத்து வந்தபின்னும் நாம் கேட்கவில்லை என்பதே என் குறை.

பெயர் கேட்கும் வழக்கம் அரண்மனைகளில் இருந்தது, ஆனால் அயலார் பெயராக. பதினாறாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய வாளலகுகள் கப்பல்களில் வந்திறங்கின. தக்காணத்திலும் மராட்டியரிடையிலும் அவற்றுக்கு உள்நாட்டுக் கைப்பிடி பொருத்தி, 'பிரங்கி' எனப் பெயரிட்டு வழங்கினர். தென்னாட்டுக் கட்டாரிகள் பலவும் இத்தகைய அலகுகளை வெட்டிப் பொருத்தியவையே. ஆந்திரேயா பெராரா என்னும் இத்தாலியக் கொல்லரின் பெயர் பொறித்த அலகுகளுக்குத் தனி மதிப்பு. அம்மதிப்பாலேயே பிற ஊர்க் கொல்லர்களும் அப்பெயரைத் தம் அலகுகளில் பொறித்து விற்றனர். அசதுல்லா பெயரும் அவ்வாறே போலியாகப் பெருகியது. அந்த அலகுக்குச் சிற்பம்போன்ற கைப்பிடியைச் செதுக்கிச் சேர்த்த நம் கொல்லரோ தம் பெயரைப் பொறிக்கவில்லை.

தஞ்சை மராட்டிய அரசின் படைக்கலச் சாலைக்கு நேர்ந்த கதியும் இங்கே நினைக்கத்தக்கது. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். கும்பினியார் அரசை எடுத்துக்கொண்டனர். 1860களின் தொடக்கத்தில் படைக்கலச் சாலை கலைக்கப்பட்டது. சிறந்தவை எனக் கருதப்பட்டவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. ஔவை பாடிய தொண்டைமானின் ஆயுதங்களாவது அழகாக இருந்தன. தஞ்சையின் ஆயுதங்கள் எடைக்கு எடை போயின.

இனிச் சேலத்துக்கு வருவோம். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டத்தின் பகுதி. சேலத்தை அடுத்த கஞ்சமலை இரும்புத்தாதுக்குப் பேர்பெற்றது. அவ்வட்டாரத்தில் எஃகு உருவான முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார். இரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங்குச்சிகளை நறுக்கி ஒரு சிறிய மண்குகையில் இடுவார்கள். மேலே எருக்கிலை போன்ற பச்சிலைகளை வைத்து, களிமண்ணால் வாயை மூடுவார்கள். இத்தகைய குகைகள் இருபது, இருபத்து நான்கை ஒன்றாக உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆவாரையின் கரி இரும்பிற் கலந்து எஃகாகும். உருக்கு என நாமும் உக்கு எனக் கன்னடரும் வழங்கும் இதுவே ஆங்கிலத்தில் 'வூட்ஸ்' எனத் திரிந்தது என்பர்.

1795இல் ஜார்ஜ் பியர்சன் இந்த எஃகைப் பற்றி இலண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இலண்டன் ஸ்ட்ராண்டு வீதியில் கடை வைத்திருந்த புகழ்பெற்ற கத்திக் கலைஞர். அறுவைக் கருவிகளும் சவரக் கத்திகளும் செய்தவர். பல்லாண்டு ஒப்பிட்டுப் பார்த்தபின் ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய எஃகையே தாம் விரும்புவதாகத் தம் கடைச் சீட்டிலேயே அவர் அச்சிட்டிருந்தார். பின்னர் மைக்கேல் பாரடேயும் அவரும் இணைந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளியிட்டனர். எஃகு நம்முடையது. பெயர் ஸ்டோடார்டுடையது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் நன்றியோடு இந்தியாவைக் குறிப்பிட்டார், தம் பெயரையும் அழுத்தமாகப் பொறித்தார். இரண்டும் செய்யத்தக்கவையே.

இந்த நெடிய வரிசையில் ஒரே ஒரு தமிழ்க் கொல்லரின் பெயர் எனக்குத் துலக்கமாகக் கிடைக்கிறது. அவர் சேலத்து அருணாசலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைக் கத்திகளும், குதிரைமேலிருந்து காட்டுப்பன்றியைக் குத்தும் வேல்களும் செய்து இந்தியா முழுவதிலும் இருந்த ஆங்கிலேய வேட்டைக்காரர்களிடையே பெயர் பெற்றவர். வடக்கே ஔரங்காபாத்தின் போத்ராஜ் என்பாருக்கும் அவ்வாறே புகழ் இருந்தது. அருணாசலத்தின் கத்திகள் இன்றும் மேலைநாட்டு ஏலங்களில் வருவதுண்டு. அலகில் அவர் பெயரும் சேலம் என்னும் ஊர்ப்பெயரும் ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். வேட்டைக்காரர் நாவில் அப்பெயர் அர்னாசெல்லம், அர்னாட்செல்லம் என்றெல்லாம் சிதைந்தது. சிதைந்தாலும் அழியவில்லை.

அவர் பெயர் மட்டும் எப்படிப் பிழைத்தது? இரு காரணங்கள் தோன்றுகின்றன. முதலாவது, வாங்கியவரின் உயிர் செய்தவரின் கையில் இருந்தது. பாய்ந்துவரும் பன்றியின்முன் வேல்நுனி வளைந்தாலோ முறிந்தாலோ குதிரையும் ஆளும் பிழைப்பது அரிது. தோய்ச்சல் கூடினால் அலகு கண்ணாடிபோல் ஒடியும், குறைந்தால் முனை மழுங்கும். அந்த இடைநிலையை அறிந்த கை எது என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே ஊர்ப்பெயர் போதவில்லை, ஆள்பெயர் தேவைப்பட்டது. இரண்டாவது, வாங்கியவர்கள் எழுதும் பழக்கம் உடையவர்கள். வேட்டைக் குறிப்பும் நூலும் கடிதமும் எழுதினார்கள். நண்பருக்கு, "சேலத்தில் இன்னாரிடம் வாங்கு" என்று சொன்னார்கள்.

மூன்றாவதாகக் கசப்பான ஒன்றும் உண்டு. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றி இந்தியர் படைக்கலம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. தஞ்சை போன்ற அரசுகளும் அதற்கு முன்பே மறைந்துவிட்டன. நம் கொல்லரிடம் உயர்ந்த அலகு கேட்டு வரக்கூடியவர் பெரும்பாலும் துரைமார்களே என்னும் நிலை வந்தது. ஆகவே அருணாசலத்தின் புகழ் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதாயிற்று. சேலத்தில் பிறந்து வளர்ந்த தமிழாசிரியர் சிலரிடம் அப்பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

எனக்கு விருப்பமான கத்திக் கொல்லர் யார் என்றால், தயங்காமல் அருணாசலத்தைச் சொல்வேன். அவர் கத்தியை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. தஞ்சைக் கட்டாரிகள் அதனினும் அழகானவை என்பதிலும் ஐயமில்லை. ஆயினும், "இது என் கை செய்தது, குறையிருந்தால் என்னைக் கேள்" என்று சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். அலகில் பெயர் பொறிப்பது புகழாசை மட்டுமன்று, பொறுப்பேற்பதும் ஆகும். அந்தப் பொறுப்பை ஏற்ற ஒருவரை நம் இலக்கிய வரலாறு அறியாமல் இருப்பது நமக்குப் பெருமை தருவதில்லை.

சென்ற மாதம் அந்த மாணவரின் தந்தையாருடைய பட்டறைக்குச் சென்றேன். லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார். தேங்காய் உடைக்க ஒரு கொடுவாள் வேண்டும் என்றேன். பிடி எந்த மரத்தில் வேண்டும், எடை எவ்வளவு இருக்கலாம், வலக்கையா இடக்கையா என்று கேட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்தபின், அலகில் உங்கள் பெயரை வெட்டித் தாருங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"வாங்குறவங்க பேரைத்தானே வெட்டுவாங்க? உங்க பேரைச் சொல்லுங்க ஐயா."

உண்மைதான். நம் வீட்டுப் பாத்திரங்களில் எல்லாம் வாங்கியவர் பெயரும் கொடுத்தவர் பெயரும் இருக்கின்றன. செய்தவர் பெயர் இருக்கும் ஒன்றையும் நான் கண்டதில்லை. மீண்டும் வற்புறுத்தினேன். அவர் மகனைப் பார்த்தார். மகன் தலையசைத்தார். சிறிய உளியை எடுத்துப் பிடியருகே இரண்டு எழுத்துகளை மெல்லத் தட்டினார். இரண்டாவது எழுத்து சற்றுக் கோணலாக விழுந்தது. "பழக்கமில்லைங்க" என்றார்.

இந்தப் பருவத்தில் 95ஆம் பாடலை மீண்டும் நடத்த வேண்டும். அந்தக் கேள்வியை இம்முறை நானே வகுப்பில் கேட்கலாம் என்றிருக்கிறேன்.