போனவங்க எந்த ஊர்க்காரங்க?

எங்க அம்மாயியின் தகரப் பெட்டியில் ஒரு பழைய கடிதம் இருக்கு. எழுபதுகளின் கடைசியில் கோத்தகிரியிலிருந்து அவங்க தங்கச்சி எழுதினது. "இங்கயும் கொழுந்துதான் எடுக்கிறோம். குளிரும் நம்ம ஊரு மாதிரிதான். ஆனா எங்களச் சிலோன்காரங்கன்னுதான் கூப்பிடுறாங்க."

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர். இங்கே இருந்தவரை அரசாங்கப் பதிவில் 'இந்தியத் தமிழர்'. கடல் தாண்டியதும் 'சிலோன்காரர்'. ஒரே ஆளுக்கு எப்படி இந்த ரெண்டு பேரும் வந்துச்சு?

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்கள் 975,000 பேர் எனக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவு செய்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் கேட்டு வந்த எண்ணிக்கை இல்லை இது.

எல்லாரையும் பிடித்துத் தள்ளினார்கள் என்றும் சொல்ல முடியாது. விரும்பி விண்ணப்பித்தவர்கள் இருந்தார்கள். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி வந்தபோது போனவர்கள் இருந்தார்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு, உயிருக்குப் பயந்து போனவர்களும் இருந்தார்கள். பசியையும் பயத்தையும் வைத்துக்கொண்டு எடுத்த முடிவை எந்தளவு 'விருப்பம்' என்று சொல்றது?

கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும்போது தங்கவைத்துப் பரிசோதித்த அதே மண்டபம்தான். தாத்தா வந்த வழியிலேயே பேத்தி திரும்பிப் போனாள்.

தமிழ்நாடு அரசு இவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. 1976இல் அது தனிக் கழகமானது, சுருக்கமாக 'டேன்டீ'. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், வால்பாறை என்று மறுபடி மலை, மறுபடி லயம். வேறு பலருக்குச் சமவெளியில் வியாபாரக் கடன் கிடைத்தது. கொழுந்து எடுத்தே பழகிய கைக்கு யாவாரம் எங்கே தெரியும்? கடனைத் தொலைத்துவிட்டு நீலகிரிக்கும் கொடைக்கானல் பக்கமும் கூலி தேடிப் போனவர்கள் நிறையப் பேர்.

அரசாங்கக் கோப்புகளில் இவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. எனக்கு இடிக்கிறது இந்தச் சொல்தான். அம்மாயியின் தங்கச்சி அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஊருக்கு எப்படித் 'திரும்புவது'? அவர் பிறந்த நாட்டை விட்டுப் பக்கத்து நாட்டுக்குக் குடிபெயர்ந்தார். 'திரும்பினார்' என்று எழுதினால், அனுப்பியவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது.

2023இல், மலையக மக்கள் வந்து 200 வருசமானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். வந்த கதையை இப்போது சத்தமாகச் சொல்கிறோம். அதே தலைமன்னார் வழியாகப் போனவர்களின் கதையும் நம்ம வரலாறுதான். உங்க வீட்டுப் பெட்டியிலும் ஒரு கடிதம் இருக்கலாம். பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க.