லிமோஜும் போவும்: ஒரு மாமன் மச்சான் சண்டை

சென்ற வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது இரண்டு பழைய கோப்புகள் கிடைத்தன. அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு கட்டியவன் ஆயிற்றே, வீட்டிலும் அதே பழக்கம். ஒன்றின் மேல் "போ" என்றும் மற்றதன் மேல் "லிமோஜ்" என்றும் எழுதியிருந்தேன். உள்ளே முழுக்க பிரெஞ்சுப் பத்திரிகைத் துண்டுகள். எல்லாம் பாஸ்கெட் செய்திகள். பிரெஞ்சில் படித்த எங்களுக்கு அது பாஸ்கெட்தான், "பால்" சேர்க்கும் வழக்கம் கிடையாது.

அனுப்பியவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அக்கா வீட்டுக்காரர். சொல்தாவாக இருந்தவர். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களை புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். கடைசியாக வேலை பார்த்த போ என்ற ஊரிலேயே வீடு வாங்கித் தங்கிவிட்டார். தென்மேற்குப் பிரான்சில், பிரனே மலைப் பக்கத்தில், பாராசூட் படைப் பள்ளி இருக்கும் ஊர் அது. "மாமா எங்கே இருக்கிறார்?" என்று கேட்டவர்களிடம் "போ" என்று சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். இன்னொருவன் என் பெரியப்பா மகன், எனக்குத் தம்பி. லிமோஜில் ஒரு மருத்துவமனையில் வேலை. பீங்கானுக்குப் பேர்போன ஊர். போவுக்கும் அதற்கும் நானூறு கிலோமீட்டருக்கு மேல். பாஸ்கெட்டில் அந்தத் தூரம் போதவில்லை.

மாமாவின் கிளப்பின் பெயர் எலான் பெயார்னே. முதலில் அது போவில் இல்லை; நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர்தேஸ் என்ற சிற்றூரில் இருந்தது. ஜனத்தொகை சுமார் பத்தாயிரம். அவர்கள் ஆடிய லா மூத்தேத் என்ற இடம் உண்மையில் ஊர்ச் சந்தைக் கூடம். நம் ஊரில் வியாபாரம் முடிந்ததும் மார்க்கெட்டைக் கழுவிவிட்டு ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் நடத்தினால் எப்படி இருக்கும்? ஜனங்கள் கோட்டை ஒட்டி உட்கார்ந்திருப்பார்களாம். எதிரணிக்காரர் பந்தை உள்ளே போட வந்தால் முதுகில் மூச்சுக்காற்று படுமாம். மாமா இதைப் பெருமையாகச் சொல்வார்.

தம்பியின் கிளப்பான சேர்க்ல் சேன் பியேர் 1929-இல் தொடங்கியது. பெயரிலேயே புனித இராயப்பர் இருக்கிறார். பிரான்சில் பாஸ்கெட் பல ஊர்களில் கோயில் பங்கு இளைஞர் மன்றங்களில் வளர்ந்த விளையாட்டு. பெரிய நகரங்கள் கால்பந்தின் பின்னால் போக, சின்ன ஊர்கள் இதைப் பிடித்துக்கொண்டன. பாரீசில் இருப்பவனுக்கு ஓர்தேஸ் எங்கே என்று தெரியாது. பாஸ்கெட்டால் தெரிந்துகொண்டான். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இது வெறும் விளையாட்டாக இல்லாமல் போனதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கோப்பில் இருக்கும் கணக்கைச் சொல்கிறேன். 1982-இல் லிமோஜ் கோராச் கோப்பையை வென்றது. பிரெஞ்சு ஆண்கள் பாஸ்கெட்டுக்குக் கிடைத்த முதல் ஐரோப்பியக் கோப்பை அது. மறு வருஷமும் அதே கோப்பை. இரண்டு முறையும் தோற்றது யூகோஸ்லாவியாவின் ஷிபெனிக் ஊர் அணி. அதில் ஆடிய இளைஞன் திராழன் பெத்ரோவிச், பின்னால் உலகப் புகழ் பெற்றவர். 1984-இல் ஓர்தேஸும் பெல்கிரேடின் சிவப்பு நட்சத்திரம் அணியைப் பாரீசில் தோற்கடித்து அதே கோப்பையைக் கொண்டுவந்தது. பிரான்சின் சாம்பியன் பட்டம் 1983, 84, 85-இல் லிமோஜுக்கு. 86, 87-இல் ஓர்தேஸுக்கு. 88, 89, 90-இல் மறுபடி லிமோஜுக்கு. எட்டு வருஷம் மூன்றாவது ஊருக்கு இடமே இல்லை.

இதில் மாமாவுக்கு ஆறாத புண் ஒன்று உண்டு. 1987-இல் ஓர்தேஸுக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் மிஷேல் கோமேஸ் நேரே லிமோஜுக்குப் போய்விட்டார். அங்கே மூன்று பட்டம், ஓர் ஐரோப்பியக் கோப்பை. அந்த மூன்று வருஷமும் மாமா அவர் பெயரை வாயில் எடுக்கவில்லை. "அந்த ஆள்" என்றுதான் எழுதுவார். 1990-இல் கோமேஸ் திரும்பி வந்தார். 1992-இல் பட்டமும் வந்தது. அப்போது வந்த கடிதத்தில் "நம் கோமேஸ்" என்று எழுதியிருக்கிறார்! இந்தக் கடிதத்தைத் தம்பியிடம் காட்டியது நான்தான். அந்தப் பாவம் எனக்கு.

இதற்கிடையே கிளப் ஓர்தேஸை விட்டு போவுக்கு வந்துவிட்டது. 1991-இல் பெரிய விளையாட்டு அரங்கம் திறந்தார்கள். மாமாவுக்கு வீட்டுப் பக்கம் வந்ததில் சந்தோஷம்தான். ஆனாலும் கூட்டத்தில் ஓர்தேஸ்காரர்கள் முகம் வாடியிருந்தது என்று எழுதினார். சந்தைக் கூடத்தை யாரும் மறக்கவில்லை.

1993 ஏப்ரல் 15. இங்கே சித்திரை பிறந்த சமயம். கிரேக்க நாட்டில் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையின் இறுதி ஆட்டம், லிமோஜுக்கும் இத்தாலியின் திரேவீசோவுக்கும். அரையிறுதியில் ரெயால் மத்ரீதை, அந்த நெட்டையர் சபோனிஸ் இருந்தும், லிமோஜ் வீழ்த்தியிருந்தது. பயிற்சியாளர் மால்கோவிச் எதிரணியை ஓடவே விடாமல் கட்டிப்போடுவார். பார்க்க அழகில்லை என்று பலர் குறை சொன்னார்கள். கடைசி நொடிகளில் ஃபிரெதெரிக் ஃபோர்த் என்ற சின்ன உருவக்காரர், எதிரணியின் பெரிய நட்சத்திரமான குக்கோச் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தார். 59க்கு 55. மர்செய் கால்பந்துக் கோப்பை வாங்கியது அதற்கடுத்த மாதம்தான். லிமோஜ்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிக்காட்டுவார்கள்.

தம்பி அனுப்பிய பத்திரிகை முழுசாக வந்தது. மாமாவிடமிருந்தும் ஒரு துண்டு வந்தது. ஓரத்தில் பேனாவால் இரண்டு வரி: "ஆட்டம் மட்டம். ஆனால் கடைசி நிமிஷம் நான் எழுந்து நின்றுவிட்டேன். அவனிடம் சொல்லாதே." இந்த முறை நான் சொல்லவில்லை.

2000-ஆம் வருஷம் லிமோஜ் பிரெஞ்சு சாம்பியன் பட்டம், பிரெஞ்சுக் கோப்பை, கோராச் கோப்பை மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. அதே கோடையில் கணக்குப் புத்தகத்தில் பணமில்லை என்று இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிட்டார்கள். களத்தில் யாராலும் இறக்க முடியாதவர்களைக் கடன் இறக்கியது. 2004-இல் நிலைமை இன்னும் மோசமாகி மூன்றாம் பிரிவுக்கே போனார்கள்.

மாமா துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். போ 2001-இல் ஜெயித்தது, 2003, 2004-இலும் ஜெயித்தது. போனில் வாழ்த்துச் சொன்னேன். "என்னப்பா, உப்பில்லாத சோறு" என்றார். அப்புறம் தம்பிக்குப் போன் செய்து, "மச்சான், சீக்கிரம் மேலே வாங்கடா, அடிக்க ஆளில்லை" என்றாராம். தம்பி எனக்குச் சொல்லும்போது குரல் கம்மியது.

நம் வீடுகளில் மாமன் மச்சான் கேலிக்கு எல்லை கிடையாது. ஆனால் கல்யாணப் பந்தலிலும் சாவு வீட்டிலும் முதலில் வந்து நிற்பவன் அவன்தான். இந்த இரண்டு கிளப்புகளின் உறவும் எனக்கு அப்படித்தான் படுகிறது. நம் வெற்றி எவ்வளவு பெரியது என்று சரியாகத் தெரிந்தவன் அதில் தோற்றவன் ஒருவன்தான்.

போவும் 2009-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிப் பார்த்தது. லிமோஜைத் தூக்கி நிறுத்தியவர் அதே ஃபோர்த். 2004-இல் தலைவர் பொறுப்பை ஏற்று, 2014-இலும் 2015-இலும் பட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். 2017-இன் கடைசி நாளில், ஐம்பது வயதுகூட ஆகாமல் காலமானார். இன்று கணக்கு லிமோஜுக்குப் பதினொன்று, போவுக்கு ஒன்பது.

2014 பட்டத்தை மாமா பார்க்கவில்லை. அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். தம்பி இரவோடு இரவாகக் கார் ஓட்டி அடக்கத்துக்கு வந்து சேர்ந்தான். மறுவருஷம் லிமோஜ் ஜெயித்த இரவு எனக்குப் போன் செய்தான். சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், நடுவில் நிறுத்தி, "அண்ணே, மாமா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்றான்.

"ஆட்டம் மட்டம்னு சொல்லியிருப்பார்" என்றேன். பிறகு 1993-இல் ஓரத்தில் எழுதியிருந்த இரண்டு வரியையும் படித்துக் காட்டினேன். இருபத்தொரு வருஷம் காப்பாற்றிய ரகசியம்.

அன்று முதல் நான் போ கட்சி. லிமோஜ் தோற்ற மறுநாள் தம்பிக்குப் போன் போட்டு விசாரிக்கிறேன். அந்த வேலையை யாராவது பார்க்க வேண்டும் அல்லவா?