பாட்டனார் கையெழுத்தும் ஓரணாத் தலையும்

பெரியபுராணத்துள் தடுத்தாட்கொண்ட வரலாற்றைக் கற்றோர் யாவரும் திருவெண்ணெய்நல்லூர் அவையத்து வழக்கினை அறிவர். முதியவராய் வந்த இறைவன் காட்டிய ஆளோலை மெய்யோ பொய்யோ என்னும் ஐயம் எழுந்தபோது, அவையத்தார் வாய்ச்சொற் கொண்டு துணிந்தாரல்லர். சுந்தரர்தம் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பினின்றும் வருவித்து, இரண்டன் எழுத்தையும் ஒப்புநோக்கியே துணிந்தனர். ஆவணத்துக்கு உயிர் கையெழுத்து என்பது நம்மவர் பண்டே கண்ட உண்மை. அக்கையெழுத்தின்கீழ் அரசிறை வந்து அமர்ந்த வரலாற்றையும், அதனால் நம் இல்லங்களிற் கிடக்கும் பழந்தாள்களுக்கு உண்டாகிய பெருமையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆவணங்களின்மேல் முத்திரை வரி விதிக்கும் முறையை 1624-இல் ஹாலந்து தேசத்தார் போர்ச்செலவின் பொருட்டுத் தொடங்கினர். பிரான்சுடன் பொருத இங்கிலாந்து 1694-இல் அதனை மேற்கொண்டது. 1765-இல் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின்மேல் இவ்வரி சுமத்தப்பட, ஆங்குள்ளார் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டே வரி நீக்கப்பட்டும் மூண்ட பகை தணிந்திலது. நம் நாட்டில் கும்பினியார் 1797-இல் வங்காளத்தில் இதனைப் புகுத்தினர். பின்னர்ச் சென்னை மாகாணத்துக்கும் இது வந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய செலவால் பொக்கிஷம் வறண்டமையின், 1860-இல் வருமான வரியும், நாடு முழுமைக்குமான ஸ்டாம்புச் சட்டமும் ஒருங்கே வந்தன. பலமுறை திருத்தப்பெற்று இன்றும் அடிப்படையாய் நிற்பது 1899-ஆம் ஆண்டுச் சட்டமாகும்.

முத்திரை இருவகைத்து. ஒன்று, தாளிலேயே பொறிக்கப்பெற்ற முத்திரைத்தாள். மற்றொன்று, ஒட்டுதற்குரிய சிறு தலை. இருபது ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஓரணாத் தலை ஒட்டுக என்பது பழைய விதி. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தொகைக்கு ஒரு ரூபாய்த் தலை என்பது 2004-இல் வந்த திருத்தம். இத்தலைகள் முதலில் இலண்டன் மாநகரத்து அச்சகத்தினின்றும் கப்பலேறி வந்தன. 1925-இல் நாசிக் நகரில் அரசாங்க அச்சகம் அமைந்தபின் இங்கேயே அச்சாயின. தபால் தலையும் இதுவும் உடன்பிறந்தார் போல்வன. 1866-இல் ஆறணாத் தபால் தலைக்குப் பஞ்சம் நேர்ந்தபோது, உண்டியலுக்குரிய வரித்தலைகளின் மேலும் கீழும் நறுக்கி, 'போஸ்டேஜ்' என்று மேலச்சிட்டு விற்றனர். 1906-இல் ஏழாம் எட்வர்டு உருவந் தாங்கிய அரையணா, ஓரணாத் தலைகள் தபால், வரி ஆகிய இரண்டுக்கும் பொதுவென்றே அச்சிடப்பெற்றன.

இனி, தலையின்மேல் கையெழுத்திடுவது எற்றுக்கு? ஒருமுறை ஒட்டிய தலையை மீண்டும் பயன்படுத்தாவாறு பழுதாக்குக என்பது சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அங்ஙனம் பழுதாக்காத தலை ஒட்டாத தலைக்கே சமம். 35-ஆம் பிரிவோ இன்னுங் கடியது. பிற பத்திரங்களுக்குக் குறைந்த வரியையும் தண்டத்தையுஞ் செலுத்திப் பிழைக்க வழியுண்டு. பிராமிசரி நோட்டுக்கு அவ்வழியும் இல்லை. தலையின்றி எழுதிய நோட்டு, ஆயிரக்கணக்கிற் கொடுத்ததாயினும், நியாயஸ்தலத்தில் சான்றாக ஏறாது. ஆதலின் நம் முன்னோர் பாதி தலையின்மேலும் பாதி தாளின்மேலும் படுமாறு கையொப்பம் இட்டனர்; எழுத்தறியாதார் பெருவிரல் பதித்தனர்.

நம் ஊர்களுக்கு இதனால் விளங்குவன பல. பருத்தியும் நெல்லும் விற்றோர், கிணறு வெட்டக் கடன் பெற்றோர், மகட்குச் சீர் செய்ய நிலத்தை ஒத்தி வைத்தோர் யாவரும் இத்தாள்களில் உளர். முத்திரைத்தாளின் பின்புறத்தில் ஸ்டாம்பு விற்பனையாளர் வரிசை எண், தேதி, வாங்கினார் பெயர், ஊர் ஆகியவற்றைக் குறித்திருப்பர். ஊர்ப்பெயரோடு 'திருநெல்வேலி ஜில்லா' என்று காணின் அது பெரும்பாலும் 1910-க்கு முந்தியது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகா அவ்வாண்டில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1985-இல் புதிய மாவட்டத்துள் அமைந்தது. அம்மாவட்டத்துக்கு விருதுநகர் தலைநகராயினும், மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே. 1936-இல் இராஜபாளையம் மில் தோன்றுதற்கு முன்னும் பின்னும் நம் ஊரார் எத்தொழிலில் எவ்வளவு முதலிட்டனர் என்பதை அறியவும் இவையே துணையாம். அரசர் உருவமும் காலங் காட்டும்: விக்டோரியா 1901 வரை, எட்வர்டு 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை.

இத்தலைகளைத் தொகுப்பது இன்று நேற்றைய வழக்கன்று. தபால் தலை பிறந்தது 1840-இல். அயர்லாந்து தேசத்து முத்திரை வரி அதிகாரி ஜான் பர்க் என்பார் 1774-இலேயே வரி முத்திரைகளை ஏட்டில் தொகுத்தார். பிரெஞ்சுக்காரர் ஃபோர்பின் 1915-இல் உலகத்து வரித்தலைகளுக்கு விரிவான பட்டியல் வெளியிட்டார். சுதேச சமஸ்தானங்களின் தலைகளை இன்று தொகுப்போர் பலர். நம் மேற்கு மலைக்கு அப்பால் இருந்த திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தின் முத்திரைத்தாளும் பழைய பெட்டிகளில் அகப்படக் கூடும்.

தொகுப்பார்க்கும் அவர்க்கு விற்பார்க்கும் ஒன்று கூறுவோம். தபால் தலையை உறையினின்றும் நீரில் நனைத்து எடுப்பது போல இதனை எடுத்தல் தகாது. சில தலைகள் நீர் பட்டாலே நிறங் கரையும் மையால் அச்சிடப்பெற்றவை. அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு: தலையை உரித்தால் பாட்டனார் பெயர் இரண்டு துண்டாகிறது. ஒரு துண்டு எவனோ ஒருவன் ஏட்டிற் கிடக்கும். மறு துண்டு குப்பையிற் கிடக்கும். இன்னார் இன்னார்க்கு இன்னது கொடுத்தார் என்னும் வரலாறு இரண்டிலும் இராது.

கடன் நோட்டு என்று நாணி எரிப்பாரும் நம்மிடை உளர். தீர்ந்த கடனில் நாணுதற்கு யாதுளது? கொடுத்த சொல்லைக் காத்தார் என்பதற்கன்றோ அது சான்று! அன்பர்கள் தத்தம் இல்லத்துப் பெட்டிகளைத் திறந்து, தாள்களை மடிப்பு நீக்கிக் கறையானும் ஈரமும் அணுகாவண்ணம் உறையிலிடுக. கையொப்பமிட்டவர் யாவர், தமக்கு என்ன முறை என்பதை முதியோரைக் கேட்டு வேறு தாளில் எழுதி உடன்வைக்க. இன்று பணம் வங்கி வழியும் கைப்பேசி வழியும் செல்லுதலின், தலையொட்டிக் கையெழுத்திடும் வழக்கம் அருகி வருகின்றது. முதியோர் உள்ளபோதே கேட்டறிதல் நம் கடன்.