ஆயிரஞ் சிப்பிக்கு என்ன விலை?

புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியிலே சிலாபம் என்னும் நகர் உளது. முத்துக்குளிப்பைத் தமிழிலே சலாபம் என்று கூறுவர். அச்சொல்லினின்றே நகரின் பெயர் தோன்றியது என்பாரும் உளர். சிலாபந் தொடங்கி, கற்பிட்டி, குதிரைமலை ஆகியவற்றைக் கடந்து மன்னார் வரை, கடலடியிலே முத்துச் சிப்பிகள் வாழும் படுக்கைகள் ஆங்காங்கே உள்ளன. அவற்றுக்குப் பார் என்று பெயர்.

இரண்டு தொகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒரு தொழிலின் நிலையை அறிவதை நிதி விகிதப் பகுப்பாய்வு என்று கணக்கியலார் கூறுவர். விகிதத்தின் இலக்கணத்தை யூக்கிளிட்டு என்னும் கிரேக்கர் தம் நூலின் ஐந்தாம் பாகத்திலே வகுத்திருந்தார். ஆயினும், கடன் கேட்டு வந்த வணிகரின் நடைமுறைச் சொத்தையும் நடைமுறைப் பொறுப்பையும் ஒப்பிட்டு, ஒன்றுக்கு இரண்டேனும் உண்டா என அமெரிக்க வங்கியாளர் பார்க்கத் தலைப்பட்டது 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான். 1919 இல் அலெக்சாந்தர் உவோல் என்பவர் 981 நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்ந்து, பலவகை விகிதங்களை வெளியிட்டார். பாடநூல்கள் இக்கலையின் வரலாற்றைப் பெரும்பாலும் இவ்விடத்திலேதான் தொடங்குகின்றன.

நம் கரையோரத்திலோ அதற்கு முன்னரே விகிதக் கணக்கு வழக்கிலிருந்தது. சலாபம் நடத்தலாமா என்று துணிவதற்கு முன், அரசினர் பாரிலிருந்து சில ஆயிரஞ் சிப்பிகளை மாதிரியாக எடுப்பித்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களைச் சல்லடைகளால் தரம் பிரித்து விலை மதிப்பித்தனர். ஆயிரஞ் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்பதே அதன் முடிவு. ஏலமும் ஆயிரக் கணக்கிலேயே நடந்தது. வணிகர் முதலிற் சிறிது வாங்கி, உடைத்துப் பார்த்த பின்னரே மேலுங் கேட்பர்.

முத்து வணிகரின் கணக்கு இதனினும் நுட்பமானது. முத்துக்களின் மொத்த எடையை அதே எடையாற் பெருக்கி, வருவதை முத்துக்களின் எண்ணால் வகுப்பது அதன் அடிப்படை. இரண்டு மஞ்சாடி எடையுள்ள ஒரு முத்துக்கு 4 வரும். ஒவ்வொரு மஞ்சாடியாக இரண்டு முத்துக்கள் இருப்பின் 2 தான் வரும். எடை ஒன்றே, பெருமுத்தின் அருமையைக் கணக்கே காட்டிவிடுகிறது.

இனி, இக்கணக்கு எதனைக் காட்டாது என்பதையும் நோக்குதல் வேண்டும். 1905 ஆம் ஆண்டுச் சலாபத்திலே 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. குளியாளருக்கு மூன்றிலொரு பங்கு போக, எஞ்சிய பங்கால் அரசினருக்கு 25 இலட்சம் ரூபாய் வரை கிடைத்தது. ஆயிரத்துக்கு ஏறக்குறைய 46 ரூபாய்! மறு ஆண்டிலே, இலண்டனில் அமைந்த முத்துக்குளிப்புக் கம்பனியொன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1905 இன் வருவாயோடு ஒப்பிட்டால் அக்குத்தகை எட்டிலொரு பங்கு. மலிவு என்றே எவருக்குந் தோன்றும்.

ஆனால் அந்த 46 ரூபாய் விலையிலும், குத்தகைப் பணத்துக்கு மட்டுமே ஆண்டுதோறும் ஒரு கோடிச் சிப்பி வேண்டும். கடலோ ஆண்டுதோறும் கொடுப்பதன்று. 1892 முதல் 1902 வரை பதினோராண்டுகள் சலாபமே நடைபெறவில்லை. நீரோட்டம் இளஞ்சிப்பிகளை வாரிச் செல்லும். திருக்கை மீன்கள் தின்றுவிடும். நல்ல ஆண்டொன்றின் விகிதத்திலே இவ்வெறுமை ஆண்டுகள் தென்படா. 1907 இல் நடந்த சலாபத்தோடு கம்பனியின் அறுவடை நின்றது. 1912 இல் அது கலைக்கப்பட்டபோது, குத்தகைக் காலத்தில் இன்னும் 14 ஆண்டுகள் எஞ்சியிருந்தன.