தொட்ட சம்பிகேயின் அடியில்

இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். டார்ட்மூர் என்கிற மேட்டு வெளியில் விஸ்ட்மன்ஸ் வுட் என்று ஒரு சிறு ஓக் மரக் காடு. பாசி மூடிய பாறைகளுக்கிடையே முடங்கி முறுக்கி வளர்ந்த குள்ள மரங்கள். இருட்டினால் பேய் நாய்கள் அங்கிருந்து வேட்டைக்குக் கிளம்பும் என்பது அந்த ஊர்க் கதை. "மாமா, உங்க மைசூர்ப் பக்கம் இப்படி ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருந்தான். இருக்கிறது என்று உடனே எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் வெட்கம் வந்தது. இங்கே முப்பத்தைந்து ஆண்டு குடியிருந்தும் நானே அதைப் பார்த்ததில்லை!

மைசூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். பிளிகிரி ரங்கன பெட்டா. 'பிளி' என்றால் வெள்ளை. கோயிலுக்குக் கீழே சரியும் வெளுத்த பாறையால் வந்த பெயர். நம் மொழியில் வெள்ளைமலை. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆகும்வரை இது மைசூர் மாவட்டம்தான். அடிவாரத்து எளந்தூரை 1807-இல் மைசூர் அரசு திவான் பூர்ணையாவுக்கு ஜாகீராகக் கொடுத்தது. அந்தப் பூர்ணையாவும் கோவைச் சீமையில் பிறந்தவர் என்பதை நம் அன்பர்களுக்கு நினைவூட்டுகிறேன். (சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னால் தவறாமல் கைதட்டு விழும்.)

நான் தேடிப் போனது கோயிலை அல்ல. காட்டுக்குள்ளே நிற்கும் ஒரு சண்பக மரத்தை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களிலே சண்பகமும் ஒன்று. கன்னடத்தில் அது சம்பிகே. 'தொட்ட' என்றால் பெரிய. தொட்ட சம்பிகே. அதற்குத் தம்பி போல ஒரு சிக்க சம்பிகேயும் அந்தக் காட்டில் உண்டு.

வனத்துறை அனுமதியோடு ஜீப்பில் போனோம். வழிகாட்டியாக வந்தவர் எண்பதை நெருங்கும் சோலிகப் பெரியவர். "அஜ்ஜா" என்று கூப்பிட்டேன். அவர் என்னை "சாமி" என்றார். கொஞ்ச தூரம் இருக்கும்போதே, "செருப்பக் கழட்டிடுங்க சாமி" என்றார்.

மரம் என்று சொன்னால் கண்முன் வருமே ஒரு தூண், அது இல்லை இது. அடிப்பகுதி பல மடிப்பாக, பல தண்டுகள் பின்னி ஒன்றானது போல அகன்று கிடக்கிறது. எங்கே வேர் முடிகிறது, எங்கே மரம் தொடங்குகிறது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. காலடியில் வரிசை வரிசையாகக் கற்கள், எல்லாம் லிங்கங்கள். பக்கத்திலே பார்கவி ஓடை. வயது என்ன? 600 ஆண்டு என்பார் உண்டு, 2000 என்பாரும் உண்டு. நம் வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை. ஆகவே யாரும் எண்ணிச் சொல்லிவிட முடியாது. அஜ்ஜாவிடம் கேட்டேன். "எங்க தாத்தனுக்கும் இது தாத்தன்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். அவர்களுக்கு இந்த மரமே சிவன்.

மலைமேல் இருக்கும் ரங்கநாதரோ அவர்களுக்கு வேறு முறை. சோலிகர் பெண் குசுமாலையை அவர் காதலித்து மணந்தார் என்பது கதை. ஆகவே அவர் 'ரங்க பாவா', அதாவது வீட்டு மாப்பிள்ளை, மைத்துனர். மாப்பிள்ளை இரவில் காட்டைச் சுற்றி வருவாராம். தேய்ந்துபோகும் என்று இரண்டாண்டுக்கு ஒருமுறை பூதித்திட்டு ஊரிலிருந்து பெரிய தோல் செருப்பு ஒரு ஜோடி வருகிறது. மலைக்குறப் பெண் வள்ளியைக் கட்டிய முருகனை அறிந்த நமக்கு இது புதிதா என்ன? அந்த டார்ட்மூர்க் காட்டுக்குள் ஆட்கள் நுழையப் பேய் நாய்க்குப் பயப்படுவார்களாம். இங்கே சம்பந்தி வீட்டுக்குப் போவது போலப் போகிறார்கள், அந்த மரியாதையோடு.

ஆனால் அப்படிப் போகிற உரிமை நடுவிலே அறுந்துபோனது. 1974-இல் இது வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. 1987-இல் சுமார் 540 சதுர கிலோமீட்டராக விரிந்தது. காட்டுக்குள் இடம் மாறி மாறிப் பயிர் செய்தவர்களைச் சாலையோரப் 'போடு'களில் (நம் பக்கம் தொட்டி என்போம்) குடியமர்த்தினார்கள். சருகுக்குத் தீ வைப்பது குற்றமானது. கோடையின் தொடக்கத்திலேயே சருகை மட்டும் மெதுவாக எரித்துவிடுவது இவர்கள் பழைய வழக்கம். அது நின்றபிறகுதான் உண்ணிச்செடி காட்டை அடைத்தது, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது என்பது இவர்கள் கட்சி. ஆராய்ச்சியாளர் சிலரும் இதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். தீயை நிறுத்தியது மட்டுமே காரணமா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் நூறு அடிக்கு ஒரு உண்ணிப் புதரை நானே கண்டேன்.

2011 ஜனவரியில் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். இனி அவ்வளவுதான் என்று நினைத்திருந்தபோது, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் அதே ஆண்டு அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. தேன் எடுக்க, நெல்லிக்காய் பறிக்க, தங்கள் தெய்வங்களிடம் போய்வர எழுத்திலே உரிமை வந்தது.

திரும்பும் வழியில் அஜ்ஜா, "சாமிக்கு எந்த ஊரு?" என்றார். சத்தியமங்கலம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "எங்க அத்தை மகளை ஆசனூர்ப் பக்கந்தான் குடுத்திருக்கு!"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு பட்டென்று உறைத்தது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மூங்கில் குழாயில் தேன் கொண்டுவருவார்களே, அந்தச் சோளகர்! இங்கே சோலிகர், அங்கே சோளகர். 1956 வரை பக்கத்துக் கொள்ளேகால் தாலுகாவே சென்னை மாகாணத்துக் கோவை மாவட்டத்தில் இருந்ததுதானே. கோடு கிழித்தபோது இவர்களை யார் கேட்டார்கள்? பிறகு வீரப்பன் தேடுதல் காலத்தில் கோட்டின் இரண்டு பக்கமும் இவர்கள் அடிபட்டார்கள். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004-இல் வந்தபோது படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை நான். 2007-இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. படித்த எனக்கு, அந்தச் சோளகர் என் மைசூர்ப் பக்கத்து மலையிலும் இருக்கிறார்கள் என்பது மட்டும் ஏனோ தோன்றவே இல்லை. 'அது நம்ம ஊர்க் கதை, இது கன்னட நாடு' என்று மனத்துக்குள் நானும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன் போலும்.

அஜ்ஜா பேசியது கன்னடமா, தமிழா? இரண்டும் கலந்து, இரண்டுக்கும் பழசாகக் காதில் விழுந்தது. 'சோலை' என்ற சொல்லிலிருந்தே சோலிகர் வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்.

ஜீப்பிலிருந்து இறங்கும்போது கேட்டார்: "ஊருக்குத் திம்பம் வழியாத்தானே போவீங்க சாமி? ஆசனூர்ல வண்டி நிக்குமா?"

நிற்கும் என்றேன்.

"அவளுக்குக் கண்ணு சரியில்லைன்னு சொன்னாங்க. நான் நல்லா இருக்கேன், தொட்ட சம்பிகேகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்னு சொல்லணும்."

பெயரையும் தொட்டியின் அடையாளத்தையும் குறித்துக்கொண்டேன். பொங்கலுக்கு ஊர் போகும்போது அங்கே இறங்க வேண்டும்.